கதைப்பின்னலும் கதைமாந்தரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புனைகதை எழுதத் தொடங்குகிறவர்களும், வாசித்த கதை ஏன் மனத்தில் நின்றது அல்லது நிற்கவில்லை என்று யோசிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் பலவற்றில் ஒரே எடுத்துக்காட்டு வரும். அது இதற்காகவே புனைந்தது. இரவுப் பணியில் இருக்கும் மருந்தாளுநர் ஒருவர், மருந்துச் சீட்டில் எழுதியிருந்த அளவைத் தவறாகப் படித்து, ஒரு முதியவருக்கு இரு மடங்கு வலிமையுள்ள மாத்திரைகளைக் கொடுத்துவிடுகிறார். விடிவதற்குள் பிழை அவருக்குத் தெரிந்துவிடுகிறது. வேறு யாருக்கும் தெரியாது.

கதையும் கதைப்பின்னலும் ஒன்றுதானே?

அன்று. ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர், நாவல் கலையைப் பற்றி 1927-இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை இரண்டு வாக்கியங்களில் விளக்கினார். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்பது கதை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசி இறந்தாள் என்பது கதைப்பின்னல். முதலாவதைக் கேட்பவர் ‘அப்புறம்?’ என்பார், இரண்டாவதைக் கேட்பவர் ‘ஏன்?’ என்பார். சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு இந்த எடுத்துக்காட்டு ஒரு புன்முறுவலை வரவழைக்கக்கூடும். தான் வழங்கிய தீர்ப்பு தவறு என்று அறிந்த பாண்டியன் அரியணையிலிருந்து வீழ்ந்து இறப்பதும், அதைக் கண்ட கோப்பெருந்தேவி அவன் அடிகளைத் தொழுது வீழ்வதும் அங்கே முன்பே இருக்கின்றன.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு வேறுபாடும் உண்டு. ரஷ்ய உருவவியல் திறனாய்வாளர்கள், நிகழ்ச்சிகள் காலவரிசைப்படி நடந்த முறையை ஒரு சொல்லாலும், அவை வாசகருக்குச் சொல்லப்படும் முறையை இன்னொரு சொல்லாலும் குறித்தார்கள். ஃபார்ஸ்டர் பேசியது காரண காரியத்தைப் பற்றி. அவர்கள் பேசியது வைப்புமுறையைப் பற்றி. மருந்தாளுநர் கதையை, பல மாதங்களுக்குப் பின் நடக்கும் விசாரணையில் தொடங்கி அந்த இரவுக்குத் திரும்பிச் சொல்லலாம். வைப்புமுறை மாறும், எது எதனால் நடந்தது என்பது மாறாது. நினைவோட்டமாகவும் முன்பின்னாகவும் எழுதப்பட்ட கதைகளில் பின்னலே இல்லை என்று சிலர் சொல்வது, இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் வரும் பிழை.

பின்னல் முதன்மையானதா, மாந்தர் முதன்மையானவர்களா?

இது மிகப் பழைய வழக்கு. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், துன்பியல் நாடகத்தின் ஆறு உறுப்புகளில் பின்னலை முதலிடத்தில் வைத்து, அதுவே நாடகத்தின் உயிர் என்றார். மாந்தரின் குணத்துக்கு இரண்டாம் இடம் தந்தார். அவர் பேசியது அரங்கில் நடிக்கப்படுவதைப் பற்றி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அரங்கில் ஒருவர் செய்வதும் சொல்வதும் மட்டுமே தெரியும். நாவல் வளர்ந்தபோது மனத்துக்குள் நுழையும் வழி அகலமாகத் திறந்துகொண்டது, தராசும் மறுபக்கம் சாய்ந்தது. 1884-இல் நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் ஒரு கட்டுரையில், மாந்தர் என்பது நிகழ்ச்சியைத் தீர்மானிப்பது அல்லாமல் வேறென்ன, நிகழ்ச்சி என்பது மாந்தரைக் காட்டுவது அல்லாமல் வேறென்ன என்னும் பொருள்படக் கேட்டார்.

ஜேம்ஸின் பக்கமே நானும் நிற்கிறேன், ஆனால் அவரைவிடச் சற்றுக் குறுகலான இடத்தில். பின்னலும் மாந்தரும் சந்திக்கும் புள்ளி, நெருக்கடியில் ஒருவர் செய்யும் தேர்வு. மருந்தாளுநர் பிழையை உணர்ந்த அந்த நிமிடத்தில் அவருக்குப் பல வழிகள் இருக்கின்றன. முதியவரைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொல்லலாம், மேலாளரிடம் ஒப்புக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது என்று வாளா இருக்கலாம். நம் மருந்தாளுநர் வேறொன்று செய்கிறார். விடியற்காலையில் முதியவர் வீட்டுக்கே போய், ‘இந்த மருந்துத் தொகுதியில் குறை இருப்பதாகத் தகவல் வந்தது’ என்று சொல்லி, மாத்திரைகளை மாற்றிக் கொடுத்துவிட்டு வருகிறார். முதியவரின் உயிரைப் பற்றி அவருக்கு உண்மையான அக்கறை இருக்கிறது. தம் பெயரைப் பற்றிய அச்சமும் அதே அளவுக்கு இருக்கிறது. ஒரே செயலில் இரண்டும் தெரிகின்றன. அந்தச் செயல்தான் அடுத்து நடக்கப்போகும் எல்லாவற்றுக்கும் விதை. அதைப் பின்னலின் கணக்கில் எழுதுவதா, மாந்தரின் கணக்கில் எழுதுவதா என்று கேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது.

கதையின் நடுப்பகுதி தொய்ந்துபோகிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

காட்சிகளை ஒரு தாளில் ஒவ்வொரு வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் இடையில் எந்த இணைப்புச் சொல் பொருந்துகிறது என்று பாருங்கள். ‘பிறகு’ என்பது மட்டுமே பொருந்தினால் அந்த இடம் தளர்ந்திருக்கிறது. ‘ஆகையால்’ அல்லது ‘ஆனால்’ பொருந்தினால் முடிச்சு இருக்கிறது.

மருந்தாளுநர் கதையில் இதைச் செய்து பார்ப்போம். அவர் பொய் சொல்லி மாத்திரையை மாற்றினார். ஆகையால், தொகுதியில் குறை இருப்பதாக முதியவர் தம்மைப் போலவே அந்த மருந்தை உண்ணும் நண்பர்களிடம் சொன்னார். ஆகையால் அவர்கள் மருந்தகத்துக்கு வந்து கேட்டார்கள். ஆனால் அப்படி எந்தத் தகவலும் வரவில்லை என்பது மேலாளருக்குத் தெரியும். ஆகையால், அந்தத் தொகுதியைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டு வாங்கி வைத்த இளைய பணியாளரை அழைத்து விசாரித்தார். இப்போது மருந்தாளுநர் மீண்டும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். முதல் முறை ஆபத்தில் இருந்தது தம் பெயர், இம்முறை இன்னொருவரின் வேலை. ஒவ்வொரு கண்ணியும் முந்தைய தேர்விலிருந்து பிறந்திருப்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து புயலோ விபத்தோ கொண்டுவர வேண்டிய தேவை எழவில்லை.

தொய்வுக்கு எழுதுகிறவர்கள் தேடும் வழக்கமான மருந்து, புதிதாக ஒரு நிகழ்ச்சியைச் சேர்ப்பது. பெரும்பாலும் அது நோயை வளர்க்கும். குறைவாக இருப்பது நிகழ்ச்சி அன்று. ஏற்கெனவே நடந்த நிகழ்ச்சிக்கு யாரும் விலை கொடுக்காததே குறை.

ஒரு மாந்தரை உயிருள்ளவராக உணரச் செய்வது எது?

உயரம், நிறம், பிறந்த நாள், பிடித்த பாட்டு என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பல பயிற்சி நூல்கள் பரிந்துரைக்கின்றன. எழுதுகிறவருக்கு அது துணையாக இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை; ஆனால் அந்தக் குறிப்புகளைக் கதைக்குள் இறக்கி வைத்தால் ஓர் அடையாள அட்டைதான் கிடைக்கும், ஆள் கிடைக்கமாட்டார்.

ஆள் கிடைப்பது, அவருக்கு வேண்டியது ஒன்றும் அவர் அஞ்சுவது ஒன்றும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும்போது. மருந்தாளுநருக்கு நல்லவராக இருக்க வேண்டும். அதைவிட, நல்லவர் என்று பிறர் நினைக்க வேண்டும். இவ்விரண்டும் சாதாரண நாள்களில் ஒன்றுபோலவே தோன்றும். பிழை நேர்ந்த இரவில்தான் அவை இரண்டு என்பது அவருக்கே தெரிகிறது. இந்த விரிசலைக் கண்டுபிடித்துவிட்டால், அவர் எப்படிப் பேசுவார், எதைப் பேசாமல் விடுவார், கைகளை எங்கே வைத்துக்கொள்வார் என்பவை தாமாகவே வரத் தொடங்கும்.

புறத்தோற்ற வருணனை வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. ஒரு விவரம் போதும், ஆனால் அது வேலை செய்ய வேண்டும். அன்றிரவுக்குப் பிறகு மருந்தாளுநர் ஒவ்வொரு சீட்டையும் வாய்விட்டு இரண்டு முறை படிக்கத் தொடங்குகிறார் என்று எழுதினால், அவருடைய மூக்கின் வடிவத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

மாந்தருக்குப் பெயர் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. அகத்திணைப் பாடல்களில் வரும் மாந்தரைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. தலைவி, தோழி, செவிலி என்ற நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை விதமான மனங்களை அந்தப் பாடல்கள் காட்டியிருக்கின்றன என்பதைப் பார்த்தால், பெயர் இல்லாமையால் ஆள் மங்கிவிடுவதில்லை என்பது புரியும். நீண்ட நாவலில் நிலைமை வேறு. அங்கே பத்துப் பேரை நினைவில் வைத்திருக்க வாசகருக்குப் பெயர் என்னும் கைப்பிடி தேவை. ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை இரண்டு முக்கிய மாந்தருக்கு வைக்காதீர்கள் என்பது சிறிய அறிவுரை, ஆனால் பயனுள்ளது.

ஒரே குணம் மட்டும் உடைய தட்டையான மாந்தர் குறையா?

தட்டையான மாந்தர், முழுமையான மாந்தர் என்ற பிரிவையும் ஃபார்ஸ்டர்தான் பரப்பினார். ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடக்கூடியவர் தட்டையானவர். முழுமையானவரா என்று அறிய அவர் வைத்த சோதனை, அந்த மாந்தரால் நம்பும்படியாக நம்மை வியக்கவைக்க முடிகிறதா என்பது. வியக்கவைக்கவே இல்லை என்றால் தட்டை. வியப்பு நம்பும்படி இல்லை என்றால், முழுமையானவர்போல நடிக்கும் தட்டை.

இதைப் படித்துவிட்டு எல்லா மாந்தரையும் முழுமையாக்கக் கிளம்புகிறவர்கள், தட்டையான மாந்தரை ஃபார்ஸ்டர் இகழவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். எப்போது வந்தாலும் எளிதில் அடையாளம் காண முடிவது, கதை முடிந்த பிறகும் நினைவில் நிற்பது ஆகிய நன்மைகள் அவர்களுக்கு உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். மருந்தகத்தின் வாயிற்காவலருக்கும் ஒரு துயரமான இளமைக்காலத்தை எழுதினால், வாசகர் அவர் பின்னே போய்விடுவார். நாம் வேண்டிய இடத்துக்கு வரமாட்டார்.

முரண் என்றால் சண்டையா?

சண்டை, முரணின் பல வடிவங்களில் ஒன்று மட்டுமே. இருவர் ஒருவரை ஒருவர் மிகவும் நேசித்துக்கொண்டே, ஒருவருக்கு வேண்டியது நிறைவேறினால் மற்றவருக்கு வேண்டியது கைநழுவிப்போகும் நிலையில் இருக்கலாம். குரல் உயராத அந்த முரண், உடைந்த பாத்திரங்கள் பறக்கும் காட்சியைவிடக் கூர்மையாக இருக்கும்.

எதிர்மாந்தர் கட்டாயம் தீயவராக இருக்க வேண்டுமா?

இல்லை. நம் கதையில் உண்மையைத் துருவிக் கேட்கும் மேலாளர்தான் மருந்தாளுநருக்குத் தடை. அவரோ தம் கடமையைத்தான் செய்கிறார். அவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால், நோயாளிகளின் பாதுகாப்புக்காக நிற்கும் ஒரே ஆள் அவர். எதிர்மாந்தரை எழுதும்போது, அவரையே நடுவில் வைத்து இதே கதையைச் சொல்ல முடியுமா என்று பார்ப்பது நல்ல பயிற்சி. முடியவில்லை என்றால் அவர் ஒரு சுவராக மட்டும் நிற்கிறார் என்று பொருள்.

ஐந்து கட்டம், மூன்று அங்கம் போன்ற அமைப்புகளைப் பின்பற்ற வேண்டுமா?

அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் அச்சம் குறையும். ஏற்றம், உச்சம், இறக்கம் என்று கூம்பு வடிவில் வரையப்படும் படம், ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் 1863-இல் நாடக உத்தியைப் பற்றி எழுதிய நூலிலிருந்து வந்தது. அவர் கண்முன் இருந்தவை ஐந்து அங்க நாடகங்கள். சிறுகதைக்கு அந்தக் கூம்பு இயல்பாகவே பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை. ரஷ்ய நாட்டார் கதை ஆய்வாளர் விளாதிமிர் ப்ராப் 1928-இல், நூறு ரஷ்ய மாயக்கதைகளை ஆராய்ந்து, அவற்றில் மாந்தர் செய்யும் செயல்களை 31 வகைகளாகவும் மாந்தரின் பங்குகளை ஏழாகவும் வகுத்தார். எல்லாக் கதைகளிலும் 31-உம் வருவதில்லை. ஆனால் வருபவை ஏறக்குறைய ஒரே வரிசையில் வருகின்றன என்பது அவர் கண்டது. அவர் எழுதியது ஆய்வு. சமையல் குறிப்பாக அதை மாற்றிக்கொண்டது நாம்.

இந்த அமைப்புகள் எல்லாம் எழுதி முடித்த கதையைப் பிரித்துப் பார்க்க உதவும். எழுதுவதற்கு முன் கட்டங்களை வரைந்துகொண்டு நிரப்பத் தொடங்கினால், நாற்பதாம் பக்கத்தில் வர வேண்டிய திருப்பத்துக்காக, எந்த மனிதரும் செய்யாத ஒன்றை மாந்தர் செய்ய நேரும். வாசகர் முதலில் மோப்பம் பிடிப்பது அதைத்தான்.

தற்செயல் நிகழ்ச்சிகளைக் கதையில் பயன்படுத்தலாமா?

சிக்கலை உண்டாக்கும் தற்செயலை வாசகர் தாராளமாக மன்னிப்பார். சிக்கலைத் தீர்க்கும் தற்செயலை மன்னிக்கமாட்டார். சிலம்பை விற்கப் போன கோவலன், அந்த நகரத்தில் அத்தனை பேர் இருக்க, அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே போய்ச் சேர்கிறான். தற்செயல்தான், ஊழ் என்று காப்பியம் அதற்குப் பெயரும் வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தற்செயலை அழிவாக மாற்றுவது, ஊடல் கொண்ட அரசியிடம் விரைந்துகொண்டிருந்த அரசன், ஆராயாமல் கொடுத்த ஆணை. தற்செயல் கதவைத் திறந்தது; உள்ளே நுழைந்தது மனிதரின் குணம்.

கிரேக்க நாடகங்களில் பொறியின் உதவியால் தெய்வம் மேலிருந்து இறங்கி முடிச்சை அவிழ்ப்பது உண்டு. முடிச்சு பின்னலுக்குள்ளிருந்தே அவிழ வேண்டும் என்று சொன்ன அரிஸ்டாட்டில், யூரிப்பிடீஸின் மீடியா நாடக முடிவை இதற்காகவே குறை கூறினார். மருந்தாளுநர் கதையின் முடிவில், அந்தத் தொகுதியில் உண்மையாகவே குறை இருந்தது என்று கண்டுபிடிக்கப்படுவதாக எழுதினால் அதுவும் மேலிருந்து இறங்கும் தெய்வமே. கதையின் தொடக்கத்தில் வைத்தால் கொடூரமான நகைமுரணாகக்கூட அமையலாம். இடம் மாறினால் தன்மையே மாறிவிடுகிறது.

நல்ல திருப்பம் எப்படி அமைகிறது?

நிலைமை எதிர்த்திசைக்கு மாறுவதையும், அறியாமையிலிருந்து அறிவுக்கு மாறுவதையும் அரிஸ்டாட்டில் தனித்தனியாகப் பெயரிட்டு, இரண்டும் ஒரே நேரத்தில் நிகழும் திருப்பமே சிறந்தது என்றார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஈடிப்பஸ் என்னும் கிரேக்க நாடகம். தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற சொல்லுக்கு அஞ்சி வாழும் மன்னனுக்கு, அந்த அச்சத்தை நீக்குவதாக எண்ணிக்கொண்டு ஒரு தூதன், ‘அவர்கள் உன்னைப் பெற்றவர்களே இல்லை’ என்கிறான். ஆறுதலாக வந்த செய்தியே அழிவாகிறது.

கண்ணகியின் வழக்குரையிலும் இதே இணைப்பு இருக்கிறது. அரசியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்தில் உண்மை தெரிகிறது, நீதியின் இருக்கையில் இருந்தவன் குற்றவாளியாகிறான். இங்கே ஆசிரியர் எதையும் ஒளித்து விளையாடவில்லை. கோவலன் குற்றமற்றவன் என்பது நமக்கு முன்பே தெரியும், தெரியாதது அரசனுக்கு. திருப்பம் என்றால் வாசகரை ஏமாற்றுவது என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைப் பலமுறை படிக்கலாம். வாசகரிடமிருந்து தகவலை மறைத்துப் பெறும் அதிர்ச்சி ஒரு முறைதான் பலிக்கும். மாந்தர் உண்மையை எதிர்கொள்ளும் கணத்தின் அதிர்வு மறுவாசிப்பிலும் குறைவதில்லை.

யார் கதையைச் சொல்ல வேண்டும்?

முடிவு செய்வதற்கு முன் இரண்டு மூன்று பேரின் நோக்குநிலையில் முதல் பக்கத்தை எழுதிப் பாருங்கள். மருந்தாளுநரே ‘நான்’ என்று சொன்னால், ஒவ்வொரு வாக்கியத்திலும் தம் செயலுக்கு நியாயம் தேடுவார். அவர் சொல்வதற்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள இடைவெளியே கதையாகிவிடும். அத்தகைய கதைசொல்லியை நம்பகமற்ற கதைசொல்லி என்று அமெரிக்கத் திறனாய்வாளர் வேய்ன் பூத் 1961-இல் பெயரிட்டார். இளைய பணியாளர் சொன்னால் அது ஒரு துப்பறியும் கதை. தொலைவில் நிற்கும் படர்க்கைக் குரல் சொன்னால், யாரையும் குற்றம் சாட்டாத, ஆனால் யாரையும் விட்டுவிடாத ஒரு கதை கிடைக்கலாம். நோக்குநிலையை இடையில் மாற்றக் கூடாது என்ற விதி இல்லை. மாற்றும்போது வாசகருக்கு ஏதேனும் கிடைக்க வேண்டும், அவ்வளவே.

கதை முடிவதற்குள் மாந்தர் மாறியே ஆக வேண்டுமா?

இல்லை. மாறுவதற்கான வாய்ப்பு வந்தும் மாறாமல் போவது, மாறுவதற்கு ஈடான கதை. ஆனால் வாய்ப்பு உண்மையாக இருக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திடீர் மனமாற்றம் பெரும்பாலும் நம்பும்படி இல்லாமல் போவதற்குக் காரணம் அது திடீரென்று வந்தது அன்று, அதற்கு முன் அந்த மாந்தர் எதையும் இழக்கவில்லை என்பதே.

மாந்தர் தம் விருப்பப்படி நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுத்தாளர்கள் சொல்வது உண்மையா?

மாயம் ஒன்றும் இல்லை. முதல் சில தேர்வுகளை எழுதிய பிறகு, அந்த மாந்தர் செய்யக்கூடியவற்றின் எல்லை சுருங்கிவிடுகிறது. திட்டமிட்டிருந்த காட்சி அந்த எல்லைக்கு வெளியே இருந்தால், எழுதும் கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தையே ‘மாந்தர் மறுக்கிறார்’ என்கிறோம். அப்போது திட்டத்தை மாற்றுங்கள் என்பதே என் அறிவுரை. மாந்தரை வளைத்து எழுதிய பக்கங்களை நானும் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

கதையை எங்கே முடிப்பது?

எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைத்த இடத்தில் அன்று. முதல் தேர்வு எழுப்பிய கேள்விக்கு விடை கிடைத்த இடத்தில். மருந்தாளுநர் கதை எழுப்பிய கேள்வி, நல்லவர் என்ற பெயரா, நல்லது செய்வதா, இவற்றில் எதை அவர் விடுவார் என்பது. மேலாளரின் அறையில் இளைய பணியாளர் தாம் செய்யாத தவறுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். மருந்தாளுநர் கதவருகே நிற்கிறார். அவர் உள்ளே போனாலும், திரும்பி நடந்தாலும், கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவருக்கு என்ன தண்டனை, முதியவர் நலமாக இருந்தாரா, இளையவர் வேலையில் நீடித்தாரா என்று மூன்று பக்கங்கள் எழுதத் தோன்றும். எழுதிப் பாருங்கள், பிறகு அவற்றை எடுத்துவிட்டு, அவர் கதவின் கைப்பிடியைத் தொடும் வரியோடு நிறுத்தி ஒருமுறை படித்துப் பாருங்கள்.